மூன்று ஈடு இட்லி

என் தம்பியின் இடது காலில் இப்போது மூன்று விரல்கள் இருக்கின்றன. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. பதினெட்டு வருடம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். நடந்ததை முதல் வரியில் சொல்லாமல் இழுத்தால் டெஸ்கில் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில் இதை முதலில் சொல்லிவிட்டேன். யாரால் போயின, அதற்கு நான் என்ன செய்தேன் என்பது இனி.

தம்பி கவரைப்பேட்டைக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறான். எங்கள் அப்பா அதே ஊரில் மற்றவர் கழனியில் நாற்றுக்கட்டு சுமந்தவர். தம்பி கழனிக்குப் போகவில்லை. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பதினோரு வருடம் ஹெல்பர். சாயத்துக்கும் மருந்துக்கும் வேண்டிய இடைப்பொருட்கள் செய்யும் கம்பெனி. முப்பத்துச் சொச்சம் பேர் வேலை செய்தார்கள். தம்பியின் வேலை கழுவுவது. ஒரு சரக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் தொட்டியையும் குழாயையும் வடிகட்டியையும் கழுவிக் காயவைக்க வேண்டும். வடிகட்டி என்பது ஓர் எஃகுத் தொட்டி. அடியில் தடித்த வெள்ளைத் துணியை விரித்துக் கரைசலை ஊற்றினால் நீர் இறங்கிவிடும், பொடி துணிமேல் தங்கும். அதை ஃபில்டர் துணி என்பார்கள்.

இந்தப் பக்கத்துத் தொழிலாளி வீடுகளில் கம்பெனியிலிருந்து வராத பொருள் குறைவு. தண்ணீர் பிடிக்க நீல டிரம், கூரை ஒழுகும் இடத்தில் மூட்டைப் பை, துணி காயப்போட நைலான் கயிறு, கோழி அடைக்கக் கம்பிவலை. யாரும் திருடுவதில்லை. கேட்டால் கொடுப்பார்கள். கேட்டில் செக்யூரிட்டி கையை அசைத்து அனுப்புவார். சீட்டு எழுதும் வழக்கமில்லை. பழைய ஃபில்டர் துணிக்கு வீட்டில் இருக்கும் பெண்கள் சொல்லிவைத்துக் காத்திருப்பார்கள். கடையில் வாங்கும் இட்லித் துணி நாலு மாதத்தில் நைந்துபோகும். ஃபில்டர் துணி ஒரு வருடம் தாங்கும்.

வருடத்தில் இரண்டு மூன்று முறை கம்பெனியில் ‘ஸ்பெஷல் லாட்’ ஓடும். அப்போது தம்பி போன்றவர்களை உள்ளே விடமாட்டார்கள். முதலாளி கூட்டிவரும் இரண்டு கெமிஸ்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வார்கள். முடிந்ததும் ஹெல்பர்கள் போய்க் கழுவ வேண்டும். அந்த லாட்டின் துணியை மட்டும் குழியில் போட்டு எரிக்க வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. எரித்ததாக ரெஜிஸ்டரில் மேனேஜர் கையெழுத்துப் போடுவார்.

போன ஐப்பசி மழையில் குழி முழங்கால் அளவு தண்ணீராய்க் கிடந்தது. துணியை வைத்துக்கொண்டு தம்பி நின்றபோது மேனேஜர் சொன்னது இது. தம்பி என்னிடம் மூன்று முறை சொன்னான், மூன்று முறையும் ஒரு வார்த்தை மாறவில்லை:

“மழையில எங்கப்பா எரியப்போகுது. வெள்ளையாத்தான இருக்கு, வேணும்னா எடுத்துட்டுப் போ.”

ரெஜிஸ்டரில் எரித்ததாக எழுதிவிட்டார்.

தம்பி மனைவி துணியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். புதுசு மாதிரி இருந்ததால் ஒரே தண்ணீரில் அலசி, அடுப்புக்கு மேலே கொடியில் உலர்த்தி, சதுரமாக வெட்டி வைத்தாள். ஓரத்து மடிப்புத் தையல் கெட்டியாக இருந்ததால் பிரிக்கவில்லை. மடிப்புக்குள் என்ன தங்கியிருந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். அவர்களுடைய ஆறு வயது மகள் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் அந்த மேனேஜர்மீது எனக்கு இருக்கும் கோபம் இரண்டு மடங்காகிறது.

அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “மாமா, அஞ்சு நிமிஷம். ரெண்டாவது ஈடு வெந்துகினே கீது.”

முதல் ஈட்டின் ஏழு இட்லியும் தம்பி தட்டில் இருந்தன. “எங்கண்ணன் பேப்பர்காரன், புள்ள. நியூசா இருந்தாலும் நாஷ்டாவா இருந்தாலும் சூடு இருந்தாத்தான் துன்னுவான்.” ஒரு வாய் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். “இன்னா, மாவு கசக்குது?”

“வெந்தயம் கை தவறி வுழுந்துட்ச்சி. துன்னு, ஒடம்புக்கு நல்லது.”

“ஒடம்புக்கு நல்லது எதுவுமே வாய்க்கு நல்லதா இருக்காதா நைனா?” என்று என்னைக் கேட்டபடி ஏழையும் தின்று முடித்தான். இரண்டாம் ஈட்டில் நான் ஐந்து சாப்பிட்டேன். எனக்குக் கசப்பு லேசாகத்தான் தெரிந்தது. ஈட்டுக்கு ஈடு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போடுவார்கள் அல்லவா, அதனால். மூன்றாம் ஈட்டில் அவள் மூன்று சாப்பிட்டாள். கடைசியாகச் சாப்பிடுவது அந்த வீட்டிலும் பெண்தான். அன்று அதுவே அவளைக் காப்பாற்றியது.

எட்டரைக்குக் கை கழுவினோம். ஒன்பதரைக்கு நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். பழக்கத்தால் சட்டைப்பையில் குறிப்பேடு இருந்தது. அதிலிருந்து அப்படியே தருகிறேன்.

‘9.52. ஊர்ப் பலகையில் மஞ்சள் மட்டும் பலகையை விட்டு ஒரு விரல் முன்னால் நிற்கிறது. எழுத்து பின்னால்.’

‘10.05. மூன்று மொழியும் மூச்சு விடுகின்றன. தமிழ் மெதுவாக.’

‘10.10. சரக்கு ரயில். பெட்டிகளை எண்ணினேன், வெகு நேரம். கடிகாரம் ஒரு நிமிடம்தான் நகர்ந்திருக்கிறது.’

‘10.25. தாடை இறுகுகிறது. கைவிரல் சில்லென்று இருக்கிறது. பேப்பர் படிக்க முடியவில்லை, பத்திகள் ஒன்றுக்குள் ஒன்று வடிகின்றன.’

‘10.40. அழகாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.’

கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. எடுக்கமாட்டேன். அழகாக இருந்தது. நடைமேடையில் கீரை விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் ஒவ்வொரு கட்டும் தனித்தனிப் பச்சையாக இருந்தது. அவ்வளவு பச்சை இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைக் கேட்காமல், எனக்குச் சொல்லாமல், யாரோ ஒருவருடைய சரக்கு என் கண்ணுக்குள் புகுந்து இதைச் செய்தது. அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. எனக்கு ஐம்பத்தொரு வயது. அன்றுவரை சாராயத்தைக்கூட வாயில் வைத்ததில்லை.

எனக்கே இப்படி என்றால் ஏழு தின்றவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று தோன்ற இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று. ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். தம்பி நீல டிரம்மின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ண்ணா, இந்தத் தண்ணி என்னைப் படிக்குதுண்ணா. ஒரு எழுத்து வுடாம படிக்குது.”

அடுத்த நிமிடம் அழுதான். பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்று, காத்து கருப்பு என்றார். தம்பி மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “எனக்கும் சுவத்துல கோலம் ஓடுது மாமா. ஆனா கண்ண மூடினா நின்னுடுது. அவருக்கு நிக்கல.” சாயங்காலம்வரை பார்த்தோம். குறையவில்லை. இடது கால் விரல்கள் நீலமாகிச் சில்லிட்டிருப்பதை அவள்தான் முதலில் கண்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவளும் அவளே.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். என்ன சாப்பிட்டாய்? இட்லி. வேறே? இட்லிதான். தம்பியின் கண்மணி அகலமாக விரிந்திருப்பதைப் பார்த்து, ‘போதைப்பொருள் உட்கொண்டிருக்கலாம்’ என்று எழுதினார். என்ன பொருள் என்று தெரிந்திருந்தால் ரத்தக் குழாயை விரிக்கும் மருந்தை முதல் மணி நேரத்திலேயே கொடுத்திருப்பேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். தம்பிக்குத் தெளிய மறுநாள் மத்தியானம் ஆயிற்று. கால் விரல்கள் தெளியவில்லை. ஒன்பதாம் நாள் எடுத்தார்கள்.

மேனேஜர் மூன்றாம் நாளே வந்தார். நாற்பத்தைந்து வயது, படிய வாரிய தலை, கையில் ஆப்பிள் பை. அன்று வீட்டில் புதிதாக இருந்தது அந்தத் துணி ஒன்றுதான் என்று தம்பி தெளிந்ததும் சொல்லியிருந்தான்; அதில் என்ன இருந்தது என்று டாக்டர் கேட்டபோது எங்களுக்குத் தெரியவில்லை. மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“துணி நீங்கதானே குடுத்தீங்க?”

“எந்தத் துணி சார்? எங்க யூனிட்ல துணியெல்லாம் எரிச்சிடுவோம். ரெஜிஸ்டர்ல இருக்கு, வந்து பாருங்க.”

“அப்ப அவன் உடம்புல எப்படி வந்தது?”

“அதை நீங்கதான் சார் அவரைக் கேக்கணும்.” ஆப்பிளைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் கடிதம் ஒன்றின் நகல் வந்தது. தம்பி கையெழுத்துப் போட வேண்டிய கடிதம். ‘கம்பெனிக்குத் தெரியாமல் மூலப்பொருளை எடுத்துச் சென்று உட்கொண்டேன். கம்பெனிக்கு இதில் எவ்விதப் பொறுப்பும் இல்லை. நானாகவே வேலையிலிருந்து விலகுகிறேன்.’ மூன்று வாக்கியம், மூன்றும் பொய். போட்டால் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்வார்களாம். போடாவிட்டால் போதைப்பொருள் திருட்டு என்று போலீஸில் புகார் போகும். போட்டால் திருடன் என்று அவன் கையாலேயே எழுதிக்கொடுத்தது ஆகும்; அதற்குப் பிறகு தொழிற்பேட்டையில் எந்தக் கேட்டும் அவனுக்குத் திறக்காது. போடாவிட்டால் ஜெயில். பதினோரு வருடம் அடுத்தவர் அழுக்கைக் கழுவியவனுக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவரிடம் போனேன். செய்தி எழுதிய காலத்தில் ஏரியில் மீன் செத்தால் அவரிடம்தான் கேட்பேன். தெரிந்த ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“இது ஒரு குடும்பம். எலும்புக்கூடு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒரே ஒரு மூலையில மட்டும் ஆள் மாறுவாங்க. அங்க புரோமின் உக்காந்தா ஒருத்தன், அயோடின் உக்காந்தா இன்னொருத்தன், குளோரின் உக்காந்தா அடுத்தவன். டிஓபி, டிஓஐ, டிஓசின்னு பேரு. மூளையில செரோடோனின் நுழையற பூட்டுல இவங்க சாவி போடுவாங்க. அதனாலதான் நிறம் பிரியறது, நேரம் நீளறது எல்லாம்.”

“எல்.எஸ்.டி. மாதிரியா?”

“அதே வாசல்தான், வீடு வேற. அது பத்துப் பன்னெண்டு மணி நேரத்துல எழுந்து போயிடும். இவங்க ஒரு நாள் முழுக்க உக்காருவாங்க. ஏற ரெண்டு மணி நேரம்கூட எடுக்கும். ஒண்ணும் ஆகலையேன்னு ரெண்டாவது தடவை எடுக்கறவன் மாட்டிப்பான். நகரத்துல எல்.எஸ்.டி.ன்னு சொல்லி ஸ்டாம்ப் அளவு காகிதத்துல விக்கறது சில சமயம் இதுதான். அளவு கூடினா ரத்தக் குழாயை இறுக்கும். கையும் காலும்தான் முதல்ல வாங்கும்.” பிறகு சொன்னார்: “கண்ணால பார்க்க முடியாத அளவு போதும். துணி மடிப்புல அதுக்கு மேல இருந்திருக்கு.”

இதை அறிக்கையாக எழுத்தில் தர முடியுமா என்றேன். முடியாது என்றார். தந்தாலும் எங்களுக்கு உதவாது. துணி எங்கள் வீட்டில் இருந்தது. கேட் சீட்டு கிடையாது. கம்பெனி ரெஜிஸ்டரில் அது எரிந்து சாம்பல். தம்பி குற்றமற்றவன் என்று காட்ட எங்களிடம் இருந்த ஒரே பொருள் அவனைத் திருடன் என்றும் காட்டும். போலீஸிடம் துணியைக் கொடுத்தால் கொடுத்த கையில்தான் விலங்கு விழும். பழைய டெஸ்கில் பேசிப் பார்த்தேன். ஆவணம் இருக்கா என்றார்கள். இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அந்த வாரம் முழுக்க நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தேன். மேனேஜருக்கு ஒரு ஈடு இட்லி. முதல் ஈடு. துணி எங்களிடம் இன்னும் மூன்று சதுரம் இருந்தது. எத்தனை மணிக்கு அவருக்குத் தாடை இறுகும், எத்தனை மணிக்குச் சுவர் நகரும் என்று எனக்குத் தெரியும், குறிப்பேட்டில் இருக்கிறது. அதை நான் செய்யவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. செய்தால் ஆதாரம் அவர் வயிற்றுக்குள் போகும், வழக்கு என்மேல் வரும். எனக்கு வேண்டியிருந்தது அவர் வாயிலிருந்து வெளியே வருவது.

அவகாசம் முடியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கையெழுத்து வாங்க வருவதாகப் போன் செய்தார். வாங்க, நாஷ்டா இங்கேயே என்றேன். தகராறு இருக்கும் வீட்டில் இந்தப் பக்கத்தில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். நனைத்துவிட்டால் சமாதானம் என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும், அதனால் உடனே சரி என்றார்.

தம்பி மனைவியிடம் சொன்னேன்.

“இட்லியா மாமா? அந்தாளுக்கா?”

“கடையில புதுசா ஒரு இட்லித் துணி வாங்கிக்கம்மா. அதுல அவி. வெந்தயம் மட்டும் அன்னிக்கி மாதிரி கொஞ்சம் ஜாஸ்தி போடு.”

வெந்தய டப்பாவை இறக்கினாள். “அன்னிக்கி மாதிரின்னா கொஞ்சம் இல்ல மாமா. ஒரு கை.”

அவர் எட்டு ஐம்பதுக்கு வந்தார். தம்பி கட்டுப்போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். மேனேஜர் காலைப் பார்க்காமல் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றேன். ஒன்பது ஐந்துக்கு முதல் வாய் வைத்தார்.

“லேசா கசக்குதோ?”

“வெந்தயம் சார்,” என்றாள் தம்பி மனைவி. “கை தவறி வுழுந்துட்ச்சி.”

நாலு சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். கை கழுவி உட்கார்ந்து காகிதத்தை விரித்தார். அவகாசம் இன்றோடு முடிகிறது என்றார். நான் இருபது நிமிடம் அவரை வேறு பேச்சில் வைத்திருந்தேன். பிறகு கொடியைக் காட்டினேன். அதில் பழைய ஃபில்டர் துணியின் ஒரு சதுரம் தொங்கியது. ஓரத்தில் லாட் நம்பர் நீல மார்க்கரில் அப்படியே இருந்தது.

செய்தித்தாளில் ஒரு வழி உண்டு. இரண்டு உண்மையான வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசிப்பவர் மூன்றாவது ஒன்றைத் தானே எழுதிக்கொள்வார். அதற்கு நாம் பொறுப்பில்லை. சொன்னேன்:

“உங்க கம்பெனி துணி எங்க ஊட்லதான் கீது சார். இந்த ஊட்ல இட்லி துணியிலதான் வேகும்.”

அவர் துணியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தம்பியின் காலை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

நான் குறிப்பேட்டை எடுத்தேன். 9.41: முகம் வெளுக்கிறது. 9.50: வாயில் விரலை விட்டு வாந்தியெடுக்கப் பார்க்கிறார், வரவில்லை. 9.58: தாடையைத் தடவுகிறார். 10.07: சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரையே பார்க்கிறார். ‘அது ஆடுதா?’ என்கிறார். ஃபேன் காற்றில் காலண்டர் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நான் நேரத்தை மட்டும் குறித்தேன்.

“கை சில்லுன்னு இருக்கு சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“போய் இன்னான்னு சொல்லுவீங்க?” என்றான் தம்பி. அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அது. “என்னாண்ட டாக்டர் கேட்டாரு. எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா, சொல்லுங்க.”

அவருக்கும் தெரியாது. அது எனக்கு எதிர்பாராத செய்தி. அந்த லாட் ரகசியம் என்று தெரியும், எரிக்க வேண்டியது என்று தெரியும், அதன் பெயர் தெரியாது. பெயர் தெரியாத ஒன்றுக்காகத்தான் என் தம்பியைத் திருடன் என்று எழுதினார். முதலாளிக்குப் போன் போட்டார். போன் ஒரு முறை நழுவி மடியில் விழுந்தது.

“ஸ்பீக்கர்ல வெச்சி மேசைமேல வெச்சுடுங்க சார், வுழுந்துடும்,” என்றேன். என் போன் அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே பதிவு செய்துகொண்டிருந்தது.

“சார், அந்த ஸ்பெஷல் லாட் துணி... அதுல செஞ்சதைச் சாப்ட்டுட்டேன் சார்.”

முதலாளியின் குரல், நிதானமாக: “எரிக்கச் சொன்னேனே.”

“மழை சார். ஹெல்பர்கிட்ட குடுத்துட்டேன்.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒரு மணி நேரம்.”

“இன்னும் ஏறும். ஒரு நாள் இருக்கும், பயப்படாதீங்க. காலை மட்டும் சூடா வெச்சுக்குங்க, வெந்நீர்ல வெக்கணும். ரத்தக் குழாயைத்தான் அடிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க. போனாலும் நம்ம பேர் வேணாம்.”

தம்பி தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்பது நாள் அந்தக் கட்டிலில் கிடந்தபோது இந்த மனிதருக்கு இது தெரியும். மூன்றாம் நாள் ஆப்பிளோடு ஆளை அனுப்பியபோதும் தெரியும். ஒரு போன் போதும். விரல்கள் நின்றிருக்கலாம். அவர் அந்தப் போனைச் செய்யவில்லை, இவருக்கு உடனே சொன்னார்.

“கேட்டீங்களா அண்ணா,” என்றான் தம்பி. ‘ங்க’ போட்டு அவன் என்னிடம் பேசியதே இல்லை.

மேனேஜரை மத்தியானம்வரை அங்கேயே உட்கார வைத்தேன். வெந்நீர் கொடுத்தோம். அவர் அதில் காலை வைத்துக்கொண்டு, கண்ணை மூடினால் கோடுகள் தெரிவதாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். துணி புதுசு என்று சொல்ல எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை.

நான் அனுப்பிய பதிவைக் கேட்ட பிறகு முதலாளி வேறு கடிதம் அனுப்பினார். துணியைக் கம்பெனிதான் கொடுத்தது, தொழிலாளிமேல் தவறில்லை, காயம் வேலை தொடர்பானது என்று முத்திரையோடு. வாசகம் நான் எழுதியது. அதற்குப் பதிலாக நாங்கள் புகார் கொடுப்பதில்லை என்று தம்பி எழுதிக் கொடுத்தான். தம்பி. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

“லெட்டர் வந்துட்ச்சி இல்ல மாமா,” என்றாள் தம்பி மனைவி. “வுட்டுடலாம்.”

“ண்ணா, வுடுண்ணா,” என்றான் தம்பியும். “நம்ம ஊர்ல மட்டும் ஏழு பேர் அங்க வேலை செய்றானுங்க. கம்பெனிய மூடினா அவனுங்களுக்குப் பேஜாரு. அவனுங்க இன்னா பண்ணானுங்க?”

ஒன்றும் பண்ணவில்லை. அது எனக்குத் தெரிந்தே மறுநாள் காலை பதிவையும் துணியின் மூன்று சதுரங்களையும் கடிதத்தின் நகலையும் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது துணி அவனைத் திருடன் என்று காட்டாது. கம்பெனியே கொடுத்ததாக எழுதியிருக்கிறதே. பத்து நாளில் கேட்டுக்குச் சீல் வைத்தார்கள். முதலாளியை அழைத்துப் போனபோது நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். செய்தியாக எழுதவில்லை. எனக்காகப் பார்த்தேன்.

அந்த ஏழு பேரில் ஐந்து பேர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் இன்னும் தம்பியைக் கண்டால் தெருவை மாற்றிப் போகிறார்கள். தம்பி கவரைப்பேட்டையில் ஒரு குடோனில் உட்கார்ந்த இடத்து வேலையில் இருக்கிறான். கம்பெனி கடிதத்தைக் காட்டித்தான் சேர்ந்தான். என்னிடம் முன்போலப் பேசுவதில்லை. அதற்கும் சேர்த்து நான் யோசித்துத்தான் செய்தேன். திரும்ப வந்தாலும் அதையே செய்வேன்.

போன மாதம் காக்களூர் தொழிற்பேட்டை வாசலில் மேனேஜரைப் பார்த்தேன். வழக்கில் சாட்சியாகிவிட்டார். இப்போது ஒரு பெயின்ட் யூனிட்டில் ஸ்டோர் பார்க்கிறாராம். தலைமுடி கொட்டியிருந்தது. அவரே வந்து பேசினார். டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் சார். கோபப்படாதீங்க. அன்னைக்கு இட்லியில நிஜமாவே அது இருந்துச்சா?”

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“இன்னமும் சில நாள் சுவரைப் பாத்தா கோடு ஓடற மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட போனா, என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கறாரு. என்னன்னு சொல்றது? இருந்துச்சு, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும் சார். தூக்கம் வரும்.”

ஒரு வார்த்தைதான். என்னிடம் இருந்தது. அவரிடமும் ஒரு காலத்தில் ஒரு வார்த்தை இருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றபோது; ‘குடுத்தேன்’ என்று. சொல்லியிருந்தால் அது என்ன லாட் என்று டாக்டர் முதலாளியையே கேட்டிருப்பார். ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்.

“டீ ஆறுது சார், குடிங்க,” என்றேன்.

அவர் கண்ணாடித் தம்ளரைக் கையில் எடுத்தார். உள்ளே பார்த்தார். குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என்னுடையதைக் குடித்து முடித்து, இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, திருவள்ளூர் பஸ் ஏறினேன்.